வெப்சைட்டை நம்பலாமா? பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வழி

நவம்பர் 16 நெருங்கினால் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் தமிழ் வகுப்பு நடத்துகிற எல்லோருக்கும் ஒரே வேலைதான். 1860-ல் அதே நாளில் இந்திய ஒப்பந்தக் கூலிகளை முதலில் நேட்டாலுக்குக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பல், கரும்புத் தோட்டம், காந்தி, தில்லையாடி வள்ளியம்மை என்று ஆளுக்கொரு தலைப்பு கொடுப்போம், பிள்ளைகள் ஃபோனில் தேடி முதலில் வந்ததை எடுத்து அட்டையில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். எழுத்து அழகாக இருக்கும், படம் அழகாக இருக்கும், எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் "கூகுள்" என்பார்கள். கூகுள் ஒன்றும் எழுதவில்லை, யாரோ எழுதியதைக் காட்டியது, அவ்வளவுதான். அந்த "யாரோ" யார் என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் பாடம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சனி ஞாயிறு வகுப்பு எடுக்கிறவர்களுக்கும், ப்ராஜெக்ட் என்றால் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையோடு உட்காரும் பெற்றோருக்கும் பயன்படும் என்று நான் செய்கிற முறையை இங்கே எழுதுகிறேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, ஒரு ஃபோன், கொஞ்சம் டேட்டா, இவ்வளவு இருந்தால் போதும்.

முதலில் எதைச் செய்யக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பள்ளி நூலகச் சுவர்களில் ஒரு பட்டியல் தொங்கும்: எப்போது எழுதியது, யார் எழுதியது, எதற்காக எழுதியது, உனக்குத் தேவையானதா, சரியானதா என்று ஐந்து கேள்வி. 2004-ல் கலிபோர்னியாவில் ஒரு நூலகர் உருவாக்கியது, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கேள்விகள் தப்பில்லை. ஆனால் பிள்ளைகள் பதிலை அந்தப் பக்கத்திலேயே தேடுகிறார்கள், அங்கேதான் சிக்கல். "எங்களைப் பற்றி" என்று ஒரு பக்கம் இருக்கிறதா, இருக்கிறது, டிக். தேதி இருக்கிறதா, டிக். எழுத்துப் பிழை இல்லை, டிக். ஏமாற்றுகிறவனுக்கு இதையெல்லாம் செய்து வைக்க ஒரு மத்தியானம் போதும், இப்போது ஏஐ வந்த பிறகு அதுகூட வேண்டாம். பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையிடமேவா கேட்கிறோம்? அவர் தெருவில், வேலை பார்க்கிற இடத்தில், அவரைத் தெரிந்த நாலு பேரிடம் விசாரிப்போம். தளத்துக்கும் அதேதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் 10 பேர், செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 25 பேர், எல்லோருக்கும் அதே தளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் இரண்டு, குழந்தை மருத்துவர் சங்கங்களின் தளங்கள். ஒன்று 1930-ல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர் கொண்ட பெரிய சங்கம். இன்னொன்று அதிலிருந்து 2002-ல் பிரிந்துபோன சின்னக் குழு, பெயர் மட்டும் பெரிய சங்கத்தின் பெயர் மாதிரியே இருக்கும். மாணவர்களில் பெரும்பாலோர் சின்னக் குழுவின் பக்கம் ஏமாந்தார்கள், வரலாற்றாசிரியர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் தடுமாறவில்லை. படிப்பில் அவர்கள் மேலே என்பதால் இல்லை. பக்கம் திறந்ததும் அதைப் படிக்காமல் உடனே வேறு டேப் திறந்து, இந்தச் சங்கம் யார் என்று வெளியே தேடினார்கள். படித்தவர்கள் உள்ளேயே உட்கார்ந்து கவனமாகப் படித்தார்கள், கவனமாகவே ஏமாந்தார்கள். எனக்கு இந்த ஆய்வில் பிடித்ததே இந்த இடம்தான்.

சரி, வகுப்பில் எப்படிச் செய்வது?

இரண்டு இரண்டு பேராக உட்கார வையுங்கள், ஜோடிக்கு ஒரு ஃபோன் போதும். ஒருத்தர் தேடுவார், இன்னொருத்தர் நேரம் பார்ப்பார். ஒரு பக்கத்தின் லிங்க் கொடுத்து, இரண்டு நிமிஷம், படிக்கக் கூடாது, வெளியே போய் இவர்கள் யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். படிக்கக் கூடாது என்றால் பிள்ளைகள் முழிப்பார்கள், ஏனென்றால் இத்தனை நாளாக நாம் படி, படி என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறோம். செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: தளத்தின் பெயரை மட்டும் கூகுளில் போட்டு, அந்தத் தளமே தன்னைப் பற்றிச் சொல்வதைத் தள்ளிவிட்டு, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது. தேடல் முடிவுகளில் முதலில் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தட்ட விடாதீர்கள். கையை எடுத்துவிட்டு, முதல் பக்கத்தில் வந்த எல்லாவற்றின் பெயரையும் அந்த இரண்டு வரிச் சுருக்கத்தையும் ஒரு தடவை கண்ணால் ஓட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

விக்கிப்பீடியாவைத் தொடாதே என்று சில ஆசிரியர்கள் இன்னமும் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு அமைப்பு எப்போது தொடங்கியது, பணம் எங்கிருந்து வருகிறது, ஏதாவது சர்ச்சையில் மாட்டியதா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது. அங்கேயே நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களுக்குப் போக வேண்டும், மேற்கோளே இல்லாத வரியைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து இருக்கிறது, ஆனால் பல கட்டுரைகளில் மேற்கோள் குறைவு, அதனால் அதே தலைப்பை ஆங்கிலத்திலும் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வேகமாக வரும், எனவே தமிழ்க் கட்டுரையை எழுத்துக்கூட்டிப் படிக்க இது ஒரு சாக்கு.

வள்ளியம்மையின் புடவை

இந்தப் பாடத்துக்கு நான் வைத்திருக்கிற சிறந்த உதாரணம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறைக்குப் போன வள்ளியம்மையைத் தேடும் பிள்ளைக்கு ஒரு கதை கட்டாயம் கிடைக்கும். வெள்ளைக்கார அதிகாரி "உங்களுக்கென்று ஒரு கொடிகூட இல்லையே" என்று கேலி செய்ய, வள்ளியம்மை தன் புடவையைக் கிழித்து "இதோ எங்கள் கொடி" என்று காட்டினார், அந்தப் புடவையின் நிறங்கள்தான் பிறகு இந்தியக் கொடியில் வந்தன என்று கதை போகும். தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. கேட்கும்போது மயிர்க்கூச்செறியும். அட்டையில் இதைத்தான் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள்.

பிள்ளை சொல்லும் முதல் வாதம், "ஆன்ட்டி, எல்லா சைட்லயும் இருக்கே!" என்பது. நல்ல வாதம்தான், அதனால் அதைத் தட்டிவிடாமல் சோதிக்க வையுங்கள். அந்தக் கதையிலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே காப்பி செய்து, முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டு கூகுளில் தேடச் சொல்லுங்கள். ஒரே வாக்கியம், கமா முதற்கொண்டு மாறாமல், பக்கம் பக்கமாக வரும். பத்துப் பேர் தனித்தனியாகச் சொல்வது வேறு, ஒருத்தர் சொன்னதைப் பத்துப் பேர் காப்பி அடிப்பது வேறு என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. அப்புறம், "இவர்களில் யாராவது எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்கிறார்களா?" என்று தேட வையுங்கள். ஒரு பழைய செய்தித்தாள், ஒரு சிறைப் பதிவு, கூட இருந்தவர் எழுதிய நினைவு, ஏதாவது ஒன்று. என் வகுப்பில் இதுவரை யாரும் அப்படி ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து காட்டியதில்லை.

அடுத்தது, அந்தக் காலத்தில் பக்கத்திலேயே இருந்தவர் என்ன எழுதினார் என்று பார்ப்பது. காந்தி தென்னாப்பிரிக்கப் போராட்டம் பற்றி எழுதிய நூலில் வள்ளியம்மைக்கு இடம் கொடுத்திருக்கிறார், இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஜோகன்னஸ்பர்க் பெண், பதினாறு வயது, சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து படுக்கையில் கிடந்தாள், ஜெயிலுக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்டதற்கு இப்போதும் போகத் தயார் என்றாள். அங்கே கொடியும் இல்லை, புடவையும் இல்லை. அவர் இறந்தது 1914 பிப்ரவரி 22. கொடியின் கதையைத் தனியாகத் தேடினால், 1921-ல் பிங்கலி வெங்கையா காந்தியிடம் கொண்டுவந்த வடிவத்தில் சிவப்பும் பச்சையும்தான் இருந்தன, வெள்ளை அப்புறம் சேர்ந்தது, காவி, வெள்ளை, பச்சை என்று காங்கிரஸ் முடிவு செய்தது 1931-ல் என்று வரும். இரண்டு காலவரிசையையும் ஒரே தாளில் எழுத வையுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், எங்கே இடிக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையை வீட்டில் ஆயா சொல்லியிருப்பார், கோயில் விழாவில் யாராவது மேடையில் பேசியிருப்பார். "பொய், அழித்துவிடு" என்று சொன்னால் பிள்ளை கணக்குப்படி ஆயா பொய்யர் ஆகிவிடுவார், மறுவாரம் ஆயாவே வகுப்புக்கு வந்து நிற்பார். அழிக்கச் சொல்லாதீர்கள். "என்று சொல்லப்படுகிறது, பழைய ஆதாரம் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று வாக்கியத்தை மாற்றி எழுத வையுங்கள். நடந்தது என்று எழுதுவதற்கும் சொல்லப்படுகிறது என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் புரிந்த பிள்ளைக்கு மற்றதெல்லாம் சுலபம். படுக்கையில் கிடந்துகொண்டு மறுபடியும் போவேன் என்று சொன்ன பெண்ணுக்குப் புடவைக் கதை தேவையும் இல்லை.

காந்தி பெயரில் உலாவும் பொன்மொழிகளுக்கும் இதே சிகிச்சைதான். "உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" என்பதை எத்தனை பள்ளிச் சுவரில் பார்த்திருப்போம்! அந்த வாசகத்தை அவர் எழுதியதாக ஆதாரம் கிடைக்கவில்லை. 100 தொகுதிகளாக வந்த அவருடைய எழுத்துகள் இணையத்தில் இருக்கின்றன, தேடிப் பார்க்கலாம். நெருக்கமாக அவர் எழுதியது 1913-ல், நாம் நம்மை மாற்றிக்கொண்டால் உலகத்தின் போக்கும் மாறும் என்கிற பொருளில். எங்கே தெரியுமா? இதோ நம் பக்கத்தில், ஃபீனிக்ஸில் அச்சடித்த இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில், உடல்நலம் பற்றிய தொடரில், பாம்புக் கடிக்கு என்ன செய்வது என்ற கட்டுரைக்குள்! 1903-ல் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழிலும் வந்த பத்திரிகை அது. பாம்புக் கடி என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், நம்ப மாட்டார்கள், உங்களையே சரிபார்க்கக் கிளம்புவார்கள். விடுங்கள், அதுதானே வேண்டும்.

முகவரியைப் படிப்பது

தளத்தின் முகவரியைப் பின்னாலிருந்து படிக்கக் கற்றுக்கொடுங்கள். நம் நாட்டுத் தளங்கள் டாட் இசட்ஏ (.za) என்று முடியும், அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. கவ் (gov) என்றால் அரசாங்கம், ஏசி (ac) என்றால் பல்கலைக்கழகம் மாதிரி உயர்கல்வி நிறுவனம், இந்த இரண்டும் கண்டவருக்குக் கிடைக்காது. கோ (co), ஆர்க் (org) இரண்டையும் யார் வேண்டுமானாலும் கொஞ்சம் ராண்ட் கட்டி வாங்கிவிடலாம். சாஸா என்கிற அரசு நிறுவனம் கொடுக்கும் உதவித்தொகை பெயரில் வரும் ஏமாற்று லிங்குகள் இங்கேதான் விளையாடும். உண்மையான தளம் சாஸா டாட் கவ் டாட் இசட்ஏ என்று முடியும், போலி ஆசாமி "சாஸா-கவ்" என்று சேர்த்து எழுதிக் கடைசியில் டாட் கோ டாட் இசட்ஏ என்று வைப்பான், அவசரத்தில் கண்ணுக்கு கவ் மட்டும்தான் தெரியும்.

ஆனால் இதையும் சூத்திரமாக்கிவிடாதீர்கள். பல்கலைக்கழகப் படிப்புக்கு அரசு பணம் கொடுக்கும் என்எஸ்ஃபாஸின் உண்மையான தளமே டாட் ஆர்க் டாட் இசட்ஏ என்றுதான் முடிகிறது, அரசு மின்சார நிறுவனமான எஸ்காமின் தளம் டாட் கோ டாட் இசட்ஏ. கவ் இல்லாததெல்லாம் போலி என்று கற்றுக்கொண்ட பிள்ளை மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்து விண்ணப்பிக்கும்போது சரியான தளத்தை விட்டுவிட்டு வேறெங்கோ போய் நிற்கும். என்எஸ்ஃபாஸ் விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது, காசு கேட்டால் திரும்பி வந்துவிடு என்பதையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் இருந்தால் பத்திரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பூட்டு சொல்வது உனக்கும் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான், தளம் நடத்துகிறவன் யோக்கியன் என்று அது சொல்லவில்லை. இந்தக் குழப்பம் இருந்ததால்தான் குரோம் 2023-ல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

படங்களுக்கு அதிக நேரம் வேண்டாம். படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் அல்லது டின்ஐயில் (TinEye) போட்டு, இதே படம் முதலில் எங்கே, எந்த வருஷம், என்ன விளக்கத்தோடு வந்தது என்று பார்த்தால் போதும். கப்பல் படம், கரும்புத் தோட்டப் படம் என்று எடுத்துக்கொண்டு வந்தால் அவசியம் செய்ய வையுங்கள், ஒரே படத்துக்கு நேட்டால் என்றும் மொரிஷியஸ் என்றும் ஃபிஜி என்றும் விளக்கம் போட்டுக்கொள்வது சகஜம்.

வாட்ஸ்அப்பில் வருவதோ இன்னொரு தலைவலி, ஏனென்றால் அங்கே தளமே இருக்காது, ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டுக்கு முகவரி கிடையாது என்பதால் அதில் உள்ள செய்தியை வெளியே தேடிப் பிடிக்க வேண்டும், கிடைக்கவில்லை என்றால் அனுப்பக் கூடாது. 2012-லிருந்து இயங்கும் ஆஃப்ரிக்கா செக் இந்த நாட்டுச் செய்திகளைச் சரிபார்த்துப் போடுகிறது, இந்தியாவிலிருந்து வரும் தமிழ் ஃபார்வர்டுகளுக்கு யூடர்ன் தளம் இருக்கிறது. இரண்டையும் ஃபோனில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தின்போது வந்த குரல்பதிவுகளையும் பழைய வீடியோக்களையும் உதாரணமாகக் காட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். நான் காட்ட மாட்டேன். ஃபீனிக்ஸில் அந்த வாரம் என்ன நடந்தது என்பது பல வீடுகளில் இன்னும் ஆறாத புண், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பயிற்சிக் கணக்காகக் கொடுக்கிற விஷயம் இல்லை.

ஏஐ பதிலுக்கும் இதே கதைதான். கூகுளின் மேலே வரும் சுருக்கமோ சாட்ஜிபிடி சொல்வதோ, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து, சொன்னது உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில சமயம் பக்கம் இருக்கும், சொன்ன விஷயம் இருக்காது. சில சமயம் பக்கமே இருக்காது.

எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தால்

நாலைந்து வாரம் இப்படிச் செய்தால் ஒரு பக்கவிளைவு வரும். பிள்ளைகள் எதையுமே நம்ப மாட்டேன் என்று நிற்பார்கள், "எல்லாம் ஃபேக் ஆன்ட்டி" என்று கையை விரிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசமில்லை, இரண்டும் விசாரிப்பதை நிறுத்திவிட்டன. அதனால் நான் கொடுக்கும் லிங்குகளில் பாதிக்கு மேல் நல்ல தளங்களாகவே இருக்கும். ஒமார் பாட்ஷா தொடங்கிய சவுத் ஆஃப்ரிக்கன் ஹிஸ்டரி ஆன்லைன், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இரண்டையும் கட்டாயம் சேர்ப்பேன். இதை நம்பலாம், ஏனென்றால் இன்னின்னார் நடத்துகிறார்கள், ஆவணம் இருக்கிறது என்று சொல்லவும் பழக வேண்டும். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் என்று 1998-ல் வேடிக்கைக்காகச் செய்த ஒரு தளத்தை இன்னமும் பாடத்தில் வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, நம் பிள்ளைகளுக்கு அந்த ஆக்டோபஸால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ட்ரூரோவில் எத்தனை பேர் வந்தார்கள் என்று தேடினால் ஒரு பக்கத்தில் 342 இருக்கும், இன்னொன்றில் 341, வேறொன்றில் 340. ஒன்று உண்மை, மற்ற இரண்டும் பொய் என்று பிள்ளை தீர்ப்பு எழுத உட்கார்ந்துவிடும். நிறுத்துங்கள். இது பொய் இல்லை. கப்பல் பட்டியலை நேரில் பார்த்து எண்ணியவர் யார், அவர் எழுதியதைப் பார்த்து எழுதியவர் யார் என்று பிரிக்கச் சொல்லுங்கள். பட்டியலுக்கு அருகில் இருப்பவருடைய எண்ணை எழுதிவிட்டு, மற்றவர்கள் ஓரிரண்டு கூடக் குறையச் சொல்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சின்ன வித்தியாசத்துக்காக ஒரு நல்ல தளத்தைத் தள்ளிவிடக் கூடாது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர் என்று போட்டுவிட்டு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லாத பக்கத்தைவிட, எண்ணில் சந்தேகம் உண்டு என்று ஒத்துக்கொள்ளும் பக்கம் எனக்கு மேல்.

மதிப்பெண் போடும்போதும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். அட்டையின் பின்பக்கம் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: எந்தத் தளம், அதைப் பற்றி வேறு யாரிடம் விசாரித்தாய், விசாரித்த பிறகு எதை மாற்றினாய். முன்பக்கத்து அழகுக்கு எவ்வளவு மதிப்பெண்ணோ அவ்வளவு இந்த மூன்று வரிக்கும். முதல் தடவை மூன்றாவது வரி எல்லோருக்கும் காலியாகவே இருக்கும், பெற்றோர் வேறு வந்து ஏன் மதிப்பெண் குறைந்தது என்று கேட்பார்கள். கேட்கட்டும், அவர்களிடமும் ஒரு லிங்க்கைக் கொடுத்து இரண்டு நிமிஷம் உட்கார வையுங்கள்.